கழுவி வைத்த டப்பா

முட்டை கொடுக்காமல் பெற்ற பிள்ளையைப் பட்டினி போடுகிறாள் என்று கிருஷ்ணப்ரியாவைப் பற்றிப் பேசாத வாய் எங்கள் அடுக்குமாடிச் சொசைட்டியில் கிடையாது. லிஃப்டில் ஏறினால் அதே பேச்சு. தண்ணீர் டேங்கர் வந்து நின்றால் அதே பேச்சு. மூன்றாவது மாடிக்காரி ஒருத்தி, தன் பிள்ளை காலையும் மாலையும் பாக்கெட் நூடுல்ஸ் தின்று வளர்கிறான் என்பதை வசதியாக மறந்துவிட்டு, இந்தக் காலத்து அம்மாக்களுக்கு வேலைதான் பெரிது, பிள்ளை இல்லை என்று ஹிந்தியில் எனக்கே பாடம் எடுத்தாள். எனக்கு வந்த ஆத்திரத்தில் கையிலிருந்த காய்கறிப் பையை அவள் தலையில் கவிழ்த்திருப்பேன். பத்தொன்பது வருஷமாக மற்றவர்கள் பெற்ற பிள்ளைகளுக்குச் சோறு ஊட்டுகிறவள் நான். எந்த அம்மா எப்படிப்பட்டவள் என்று எனக்குத் தெரியாதா?

நான் வைஜயந்தி. அப்பா ராணுவ ஆபீஸ் ஒன்றில் கிளார்க்காகக் கும்பகோணத்திலிருந்து புனேவுக்கு வந்தவர். நான் பிறந்தது, படித்தது, கல்யாணம் ஆனது எல்லாம் இங்கேதான். சிஞ்ச்வட் ஸ்டேஷனிலிருந்து பத்து நிமிஷம் நடந்தால் எங்கள் சொசைட்டி. முதல் மாடியில் எங்கள் வீட்டிலேயே பாளணாகர் நடத்துகிறேன். வேலைக்குப் போகிற அம்மாக்கள் காலையில் பிள்ளையை விட்டுவிட்டு மாலையில் அழைத்துக்கொண்டு போகிற இடத்துக்கு இங்கே அதுதான் பெயர். ஏழு பிள்ளைகள். எல்லாருக்கும் நான் மௌஷி, நம்மூர்ச் சித்தி மாதிரி. துணி துவைக்கவும் பாத்திரம் தேய்க்கவும் வைஷாலி வருவாள். ரிட்டயர் ஆன என் கணவர் பத்மநாபன் காய் நறுக்கித் தருவார், கேட்டைப் பூட்டுவார், தூங்காத பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு பால்கனியில் நின்று லோக்கல் ரயிலைக் காட்டுவார்.

ஜூன் பிறந்துவிட்டால் இந்த வேலை இரண்டு மடங்கு. மழை பிடித்தால் விடாது. ஏழு பிள்ளைகளின் ஜட்டியும் விரிப்பும் நாள்கணக்கில் காயாது. ஃபேனுக்குக் கீழே கொடி கட்டி, இஸ்திரிப் பெட்டியால் ஈரத்தை எடுப்பேன், அதற்குள் ஒன்று மறுபடியும் நனைத்துவிடும். ஒன்றுக்கு மூக்கு ஒழுகினால் மறுநாள் ஏழுக்கும் ஒழுகும். இதற்கு நடுவே ஏழு டப்பாவைத் திறந்து, ஏழு வாய்க்கும் ஊட்ட வேண்டும்.

அந்த ஏழில் ஒருத்திதான் கிருஷ்ணப்ரியாவின் பெண் தன்விகா. போன ஆகஸ்டில் என்னிடம் வந்தபோது ஒரு வயது முடிந்திருந்தது. கிருஷ்ணப்ரியா கோயம்புத்தூர்க்காரி, பரம்பரையாகச் சைவக் குடும்பம். ஹிஞ்சவடியில் கம்ப்யூட்டர் கம்பெனி வேலை. புருஷன் சபரிக்குச் சொந்த ஊர் பொள்ளாச்சிப் பக்கம், வேலை இங்கே தளேகாவில் வண்டி உதிரிபாகம் செய்கிற தொழிற்சாலையில். அவன் வீட்டில் எல்லாம் சாப்பிடுவார்கள். விரும்பிச் செய்துகொண்ட கல்யாணம். வீட்டில் முட்டையும் கறியும் நுழையக் கூடாது, பிள்ளை வளர்ந்து தானே கேட்டால் அப்போது பார்த்துக்கொள்ளலாம் என்று கல்யாணத்துக்கு முன்பே பேச்சு. அதற்குச் சபரியும் சரி என்றான், அவன் அப்பா கந்தசாமியும் உங்கள் இஷ்டம் என்று தலையை ஆட்டினார். தலையை ஆட்டுவதற்கு என்ன, யார் வேண்டுமானாலும் ஆட்டலாம்.

வெறும் பருப்பு சாதத்தைப் பிசைந்து அனுப்பிவிட்டு நாங்கள் சைவம் என்று சொல்லிக்கொள்கிறவள் இல்லை அவள். காலையில் நாலே முக்காலுக்கு எழுந்துவிடுவாள். சபரிக்கு ஆறு இருபது லோக்கல், அவளுக்கு எட்டே முக்காலுக்குக் கம்பெனி பஸ். அதற்குள் ராகியை முளைகட்டி அரைத்த மாவில் புட்டு, முருங்கைக்கீரை போட்டுக் குழைத்த சாதம், கொள்ளுப் பருப்பு, எள்ளும் வெல்லமும் இடித்த உருண்டை, மேலே பிழிய ஒரு துண்டு எலுமிச்சம்பழம். மழைக்காலத்துக் கீரையில் பாதி மண்தான் இருக்கும். ஐந்து தண்ணீர் மாற்றி அலசுவாள். மூன்றடுக்கு எவர்சில்வர் டப்பாவை என் கையில் கொடுக்கும்போது அவள் விரல் நுனியெல்லாம் பச்சையாக இருக்கும். எதில் என்ன சத்து என்று தேடித் தேடிப் படித்து, வாரத்துக்கு ஒரு அட்டவணை போட்டு ஃப்ரிட்ஜில் ஒட்டியிருந்தாள். எங்கள் வீட்டில் நாலு தலைமுறையாக முட்டையைத் தொட்டதில்லை. ஆனாலும் எங்களில் ஒருத்தியும் இவ்வளவு யோசித்துப் பிள்ளைக்குச் சோறு போட்டதில்லை. அதனால்தான் எனக்கு அவள் மேல் அத்தனை பிரியம்.

பாளணாகர் நடத்துகிறவர்களிடம் ஒரு பழக்கம் உண்டு. மாலையில் டப்பா காலியாகப் போக வேண்டும். கழுவித் துடைத்துப் போக வேண்டும். மிச்சத்தைக் கண்டால் அம்மாக்களின் முகம் விழுந்துவிடும். நாலு நாள் மிச்சம் போனால் ஐந்தாம் நாள் வேறு பாளணாகர் விசாரிப்பார்கள். பத்தொன்பது வருஷத்தில் என் வீட்டிலிருந்து ஒரு டப்பாவும் மிச்சத்தோடு போனது கிடையாது. மதியம் ஒன்றரைக்கு ஒவ்வொரு அம்மாவுக்கும் போனில் இரண்டு வரி அனுப்பிவிடுவேன். அவர்களும் நிம்மதியாக வேலை பார்ப்பார்கள். தன்விக்குப் பால் என்றால் உயிர். அழுதால் பால், தூங்கப் பால், எழுந்தால் பால். கெட்டியான எருமைப் பால், தண்ணீர் கலக்காமல் காய்ச்சி வைத்திருப்பேன். பால் குடிக்கிற பிள்ளைக்கு ஒரு குறையும் வராது என்பது நான் பிறந்ததிலிருந்து கேட்டு வளர்ந்தது.

ஏப்ரலில் காய்ச்சல் வந்து ரத்தம் எடுத்துப் பார்த்தபோது தன்விக்கு ஹீமோகுளோபின் எட்டு புள்ளி ஆறு இருந்தது. பதினொன்றுக்கு மேல் இருக்க வேண்டுமாம். பக்கத்துக் கிளினிக் டாக்டர் இரும்புச்சத்துச் சொட்டு மருந்து எழுதிக் கொடுத்தார். முட்டை, ஈரல் ஏதாவது கொடுங்கள் என்று, அடுத்த சீட்டைக் கையில் எடுத்துக்கொண்டே சொன்னார். பிள்ளை என்ன சாப்பிடுகிறது என்று ஒரு கேள்வி இல்லை. கிருஷ்ணப்ரியா தன் அட்டவணையை எடுத்து நீட்டினாளாம். அவர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லையாம்.

காலை அவசரத்தில் சொட்டு மருந்தைக் கொடுத்தால் துப்பிவிடுகிறாள், பதினோரு மணிக்கு நீங்கள் கொடுத்துவிடுங்கள் மாமி என்று பாட்டிலை என்னிடம் தந்தாள். துருப்பிடித்த ஆணி வாசனை அடிக்கிற மருந்து அது. எந்தப் பிள்ளையும் துப்பத்தான் துப்பும். அதை எப்படிக் கொடுப்பது என்று எனக்குத் தெரியும். ஒரு சொட்டு வீணாகாமல் இரண்டு மாதம் கொடுத்தேன்.

ஜூன் கடைசியில் மறுபடி பார்த்தார்கள். ஏழு புள்ளி இரண்டு.

அன்றிலிருந்து அந்தப் பெண்ணை ஆளாளுக்குப் பிய்த்துத் தின்றார்கள். பொள்ளாச்சியிலிருந்து காலையில் ஒரு போன், மதியம் ஒரு போன். அவள் ஆபீஸ் மீட்டிங்கில் இருக்கும்போது நாத்தனார் ஒரு வீடியோ அனுப்புவாள், இலை தழை தின்று வளர்ந்த பிள்ளை எலும்பும் தோலுமாகக் கிடப்பதாக. அவளுடைய சொந்த அம்மாவே, ஒரு முட்டைதானே கண்ணு, கண்ணை மூடிக்கொண்டு கொடுத்துவிடேன் என்றாளாம். இத்தனைக்கும் நடுவில் சபரி என்ன செய்தான் என்றால், ஷூவைக் கழற்றி வைத்துவிட்டு டிவிக்கு முன்னால் உட்கார்ந்தான். ஏதாவது பேசுங்களேன் என்று அவள் கேட்டால், ரெண்டு பேர் சொல்றதும் சரிதான் என்பானாம். எந்த ஊர் நியாயம் இது? பெண்டாட்டியை நாலு பேர் நடுவில் நிறுத்தி அடிக்கும்போது இரண்டு பேரும் சரி என்று சொல்ல ஒருத்தனால் எப்படி முடிகிறது?

ஜூலை இரண்டாம் வாரம், வியாழக்கிழமை, கந்தசாமியே வந்து இறங்கினார். வெள்ளை வேட்டி முழங்கால் வரை நனைந்திருந்தது. கையில் ஒரு அட்டைப்பெட்டி. உமிக்குள் பதித்து அறுபது நாட்டுக்கோழி முட்டை, ஒன்றுகூட உடையாமல் ரயிலில் கொண்டுவந்திருந்தார். மகன் வீட்டில் பெட்டியை வைத்துவிட்டு நேராகப் பாளணாகருக்கு வந்தார். தன்வி சுவர் ஓரமாக உட்கார்ந்திருந்தாள். முகம் மெழுகு நிறத்தில் இருந்தது. தாத்தாவைப் பார்த்துச் சிரித்தாள், எழுந்து வரவில்லை. அவர் குந்தி உட்கார்ந்து கட்டைவிரலால் அவள் கண்ணிமையைக் கீழே இழுத்துப் பார்த்தார்.

"பாருங்கம்மா. உள்ளார செவப்பே இல்ல. கன்னுக்குட்டிக்கு இப்படி வெளுத்துப் போனா நாங்க ராவோட ராவா டாக்டரக் கூட்டியாருவம். இவிய என்னடான்னா புள்ளைக்குத் தழையப் போட்டுக்கிட்டு இருக்கறாங்க."

"தழைன்னு சொல்லாதீங்கோ," என்றேன். எனக்கு அந்த ஒரு வார்த்தையிலேயே பற்றிக்கொண்டு வந்தது. "அந்தப் பொண்ணு விடியறதுக்கு முன்னாடி எழுந்துண்டு பண்ற சமையலை ஒரு நாளாவது நின்னு பார்த்திருக்கேளா? எங்காத்துல நாலு தலைமுறையா முட்டையைத் தொட்டதில்லை. ஒருத்தரும் ரத்தமில்லாம போகலை."

"உங்க நாலு தலமொறை நல்லா இருக்கட்டுங்க. என்ற பேத்திக்கு ஏழுதானுங்களே இருக்குது?"

 அதைக் கேட்டு எனக்கு இன்னும் கோபம் வந்தது. அவர் சுவரைக் காட்டினார். தன்வி உட்கார்ந்திருந்த இடத்தில் பெயிண்ட் உரிந்து சுண்ணாம்பு தெரிந்தது. ஏனுங்கம்மா, புள்ள இதையச் சொரண்டித் திங்குதுங்களா என்று கேட்டார். குழந்தை விஷமம் என்று நினைத்து அந்த இடத்தில் நான் இரண்டு தடவை சார்ட் பேப்பர் ஒட்டியிருந்தேன். அதையும் கிழித்துவிட்டுச் சுரண்டியிருந்தாள். விஷமம் என்றுதான் அவரிடமும் சொன்னேன். அவர் என்னைப் பார்த்த பார்வை எனக்குப் பிடிக்கவில்லை. குழந்தையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்.

வெள்ளிக்கிழமை மாலை கிருஷ்ணப்ரியா என்னைத் தன் வீட்டுக்குக் கூப்பிட்டாள். தனக்காகப் பேச ஒரு ஆளாவது இருக்கட்டும் என்று நினைத்தாளோ என்னவோ. முட்டைப் பெட்டி ஷூ ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் திறக்காமல் இருந்தது. கந்தசாமி சோபாவில், சபரி தரையில், குழந்தை சபரியின் மடியில் சோர்ந்து கிடந்தது. ஞாயிற்றுக்கிழமை ரயிலுக்கு டிக்கெட் எடுத்தாகிவிட்டது, பாப்பாவைக் கையோடு கூட்டிக்கொண்டு போகிறேன் என்றார் கந்தசாமி. ஊரில் அவள் மாமியார் இருக்கிறாள், நாத்தனார் இருக்கிறாள், தோட்டத்தில் கோழி இருக்கிறது, தேறும்வரை அங்கேயே இருக்கட்டும் என்றார்.

"தேர்ற வரைக்கும்னா எவ்வளவு நாளுங்க மாமா?" என்று கிருஷ்ணப்ரியா கேட்டாள்.

"ஒரு வருசம் ஆகட்டும், ரெண்டு வருசம் ஆகட்டும். நீ உன்ற வேலையப் பாரு அம்மிணி. யாரும் வேண்டாங்கல. மாசத்துக்கு ஒருக்கா வந்து பாப்பாவப் பாத்துட்டுப் போ."

பெற்றவளைப் பார்த்து, மாதம் ஒரு முறை வந்து பார்த்துவிட்டுப் போ என்கிறார் அந்த மனிதர். அதையும் ஏதோ சலுகை தருகிற குரலில். நான் வாயை மூடிக்கொண்டிருப்பேனா? இரண்டு வயதுகூட ஆகாத பிள்ளையை அம்மாவிடமிருந்து பிடுங்குவதற்கு உங்கள் ஊரில் என்ன பெயர் என்று கேட்டேன். ஆடி மாதம் பிறக்கப்போகிறது, ஊரில் நாலு பேரைக் கூப்பிட்டுப் பேத்தியைக் கொஞ்ச ஆசையாக இருந்தால் அதை நேராகச் சொல்லுங்கள், அதற்கு அவள் சமையலை இழுக்காதீர்கள் என்றேன். உன் பெண்ணைத் தூக்கிக்கொண்டு போகிறார், உனக்கு வாய் இல்லையா என்று சபரியைக் கேட்டேன். அவன் குழந்தையின் கால் விரல்களை எண்ணுவதுபோலத் தடவிக்கொண்டிருந்தான்.  கந்தசாமி மருமகளை மட்டும் பார்த்தார்.

கிருஷ்ணப்ரியா அழவில்லை. நாளைக்குப் பதினோரு மணிக்குப் பெரிய குழந்தை டாக்டரிடம் நேரம் வாங்கியிருக்கிறேன், எல்லாரும் வாருங்கள் என்றாள். "நான் பண்றது தப்புன்னு அவர் சொல்லீட்டார்னா, நானே பாப்பா துணியெல்லாம் மடிச்சுப் பொட்டி கட்டித் தர்றனுங்க மாமா. அதுக்கப்புறம் ஒரு வார்த்த பேச மாட்டேன்." அப்புறம் என் பக்கம் திரும்பினாள். "மாமி, நீங்களும் வரணும். பகல் பூரா உங்க கையிலதான அவ சாப்பிடறா. நீங்க சொன்னா டாக்டர் நம்புவாரு."

வருகிறேன் என்றேன். வராமல் இருப்பேனா? அந்தக் கிழவருக்கு முன்னால் அவளுக்காகச் சாட்சி சொல்ல எனக்கு வெறியாகவே இருந்தது.

சனிக்கிழமை மழை ஊற்றியது. இரண்டு ஆட்டோவில் போனோம். டாக்டருக்கு அறுபது வயது இருக்கும், மராட்டிக்காரர், எங்களோடு ஹிந்தியில் பேசினார். முந்தையவரைப் போல இல்லை. தன்வியை மடியில் உட்காரவைத்து நகத்தை, நாக்கை, உள்ளங்கையைப் பார்த்தார். சுவரைச் சுரண்டுகிறாளா என்று அவராகவே கேட்டார். அது விஷமம் இல்லை, உடம்பில் இரும்பு இல்லாத பிள்ளைகள் மண்ணையும் சுண்ணாம்பையும் தேடும் என்றார். எனக்குச் சுருக்கென்றது. கிருஷ்ணப்ரியா அட்டவணையை நீட்டினாள். அவர் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு திங்கட்கிழமையிலிருந்து ஞாயிற்றுக்கிழமை வரை ஒவ்வொரு வரியாகப் படித்தார்.

படித்து முடித்துவிட்டு, இது நல்ல சாப்பாடு என்றார். முட்டை கொடுத்தால் வேலை சுலபம், கொடுக்காவிட்டாலும் இப்படிச் சமைத்தால் பிள்ளையை வளர்க்க முடியும், பி-12 மட்டும் தனியாகக் கொடுக்க வேண்டும் என்றார். ஆனால் இவ்வளவும் சாப்பிடுகிற குழந்தைக்கு, அதற்கு மேல் மருந்தும் குடிக்கிற குழந்தைக்கு, ஏழு இருக்க முடியாது. பால் எவ்வளவு குடிக்கிறாள்?

காலையில் ஒரு கிளாஸ், ராத்திரி ஒரு கிளாஸ் என்றாள் கிருஷ்ணப்ரியா.

அதனால் வந்ததில்லை என்று டாக்டர் தலையை ஆட்டினார். சில பிள்ளைகள் நாள் முழுக்கப் பாலிலேயே இருப்பார்கள், வயிறு அதிலேயே நிறைந்துவிடும், சோறு இறங்காது. பாலில் இரும்பு அநேகமாகக் கிடையாது, கூடச் சாப்பிடுகிற இரும்பையும் உடம்பில் ஒட்டவிடாது. இரண்டு கிளாஸால் அது ஆகாது. அப்படியானால் குடலில் எங்கேயோ ரத்தம் கசிகிறதா என்று பார்க்க வேண்டும், தேவைப்பட்டால் ஆஸ்பத்திரியில் சேர்த்துக் குழாய் விட்டுப் பார்க்க வேண்டும், எலும்பிலிருந்துகூட ஊசியால் மஜ்ஜை எடுத்துப் பார்க்க வேண்டியிருக்கலாம். இல்லையென்றால் இந்தச் சாப்பாடு இவள் உடம்புக்கு ஒத்துக்கொள்ளவில்லை என்று வைத்துக்கொண்டு மாற்றிப் பார்க்க வேண்டும்.

சபரி இதை அப்பாவுக்குத் தமிழில் சொன்னான். கடைசி வரியை மட்டும். சாப்பாட்டை மாற்றிப் பார்க்கச் சொல்கிறார் என்றான். கந்தசாமி துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார்.  கிருஷ்ணப்ரியா அட்டவணையை மேஜையிலிருந்து எடுத்து நாலாக மடித்தாள்.

நான் நாற்காலியின் விளிம்பில் உட்கார்ந்திருந்தேன்.  பதினோரு மணிக்கு ஒரு பாட்டில் பால், மருந்து கலந்து. சாப்பாட்டு நேரத்தில் ஒன்று, ஏனென்றால் முதல் வாயைத் துப்பிவிடுவாள், ஏழு பிள்ளை வரிசையில் நிற்கும்போது ஒருத்தியிடம் எத்தனை நேரம் மல்லாட முடியும்? தூங்க ஒன்று. எழுந்ததும் ஒன்று. சில நாள் அம்மா வர லேட்டானால் இன்னொன்று. கீரை சாதத்தைக் கொட்டினேன். கொட்ட மனசு வராத நாளில் பத்மநாபன் சாப்பிட்டார். என்ன ருசியாகப் பண்ணுகிறாள் அந்தப் பெண் என்று அவர் சப்புக்கொட்டியதுகூட உண்டு. டப்பாவைக் கழுவுகிற வைஷாலி ஒரு தடவை, பிள்ளை தின்னவில்லை என்று அந்தத் தாயிடம் சொன்னால் என்ன என்று மராட்டியில் கேட்டாள். உன் வேலையைப் பார் என்றேன்.

சத்தியமாகச் சொல்கிறேன், பாலைக் கெடுதல் என்று நினைத்து நான் கொடுக்கவில்லை. சோற்றைவிட உசத்தி என்று நினைத்துத்தான் கொடுத்தேன். ஆனால் ஒன்றரை மணிக்கு அனுப்புகிற இரண்டு வரி பொய் என்று எனக்குத் தெரியும். அது எல்லா நாளும் தெரியும். இப்போது நான் பேசாமல் இருந்தால் யாருக்கும் தெரியாது. பேசினால் நாளைக்கே சொசைட்டி முழுக்கப் பரவும், திங்கட்கிழமை என் வாசலில் ஒரு செருப்பு இருக்காது. பேசாவிட்டால் அந்தக் குழந்தையின் எலும்பில் ஊசி இறங்கும், ஞாயிற்றுக்கிழமை ரயிலில் அது பொள்ளாச்சிக்குப் போகும். கிருஷ்ணப்ரியா தான் சமைத்ததில்தான் ஏதோ கோளாறு என்று சாகும்வரை நம்பிக்கொண்டிருப்பாள்.

ஹிந்தியில் சொன்னேன். டாக்டரைப் பார்த்துச் சொன்னேன். அது சுலபமாகத்தான் இருந்தது. நாலைந்து பாட்டில், மருந்தும் பாலில்தான், சோறு சாப்பிடவில்லை என்று மூன்று வரியில் முடிந்துவிட்டது.  கந்தசாமிக்கு ஹிந்தி தெரியாது. எல்லார் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார்.

"என்ன சொல்றாங்க அந்தம்மா?" என்று மகனைக் கேட்டார். சபரி வாயைத் திறக்கவில்லை. மறுபடியும் கேட்டார். யாரும் சொல்லவில்லை.

அதனால் நானே அவர் பக்கம் திரும்பித் தமிழில் சொல்ல வேண்டியிருந்தது. "உங்க நாட்டுப்பொண்ணு சமையல்ல ஒரு குறையும் இல்லை. அதைக் குழந்தை சாப்பிடவே இல்லை. துப்பித்து, நானும் விட்டுட்டேன். பாலைக் குடுத்துக் குடுத்து வயித்தை ரொப்பினேன். மருந்தையும் பால்லதான் கலந்து கொடுத்தேன். சாதத்தைக் கொட்டிட்டு, டப்பாவைக் கழுவி வெச்சு, சாப்ட்டான்னு அவகிட்டப் பொய் சொன்னேன். பதினொரு மாசமா."

நேற்று யாரைப் பார்த்து அத்தனை பேசினேனோ, அவர் முகத்தைப் பார்த்து.  அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார்.

டாக்டர் என்னைத் திட்டியிருந்தால் தேவலை. எத்தனையோ வீட்டில் இதே கதைதான் என்று சாதாரணமாகச் சொல்லிவிட்டுச் சீட்டு எழுத ஆரம்பித்தார். ஊசியும் குழாயும் இப்போதைக்கு வேண்டாம். பால் மொத்தமே ஒன்றரைக் கிளாஸ், அதுவும் சாப்பாட்டுக்குப் பக்கத்தில் கூடாது. மருந்து வெறும் வயிற்றில், எலுமிச்சைச் சாற்றோடு. பசி எடுக்க விடுங்கள், முதல் நாலு நாள் கத்துவாள், தாங்கிக்கொள்ளுங்கள். ஒரு மாதம் கழித்து மறுபடி ரத்தம் பார்க்கலாம். கிருஷ்ணப்ரியாவைப் பார்த்து, நீங்கள் செய்ததை அப்படியே செய்யுங்கள், அது உள்ளே போனால் போதும் என்றார்.

வெளியே வராண்டாவில் வந்து நின்றதும் சபரிக்குக் குரல் வந்துவிட்டது. "உங்கள நம்பித்தானுங்க மாமி விட்டோம். எம் புள்ளையோட உசுரு..." என்று விரலை நீட்டிக்கொண்டு வந்தான். இத்தனை வாரமாக அப்பாவிடம் ஒரு வார்த்தை பேச நாக்கு எழாதவன். கிருஷ்ணப்ரியா நடுவில் வந்து நின்றாள்.

"அவங்களாச்சும் வாயத் தொறந்து சொல்லிட்டாங்க. நீங்க இன்னும் உங்கப்பாகிட்ட ஒண்ணுமே சொல்லலைங்க."

அவன் விரல் மடங்கியது. கந்தசாமி மழையைப் பார்த்துக்கொண்டிருந்தார். திரும்பாமலே, "நாளைக்கு நான் மட்டும் போய்க்கறன் அம்மிணி. பாப்பா இங்கியே இருக்கட்டும்," என்றார். மருமகளைத் தழை போட்டு வளர்க்கிறாள் என்று ஊர் முழுக்கச் சொன்ன வாய், தப்பாகச் சொல்லிவிட்டேன் என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லச் சொல்லி அவர் சட்டையைப் பிடித்து உலுக்க வேண்டும்போல எனக்கு வந்தது. ஆனால் அதைச் சொல்ல அந்த வராண்டாவில் என்னைவிட யோக்கியதை கெட்டவள் யாரும் இல்லை. ஆட்டோ பிடிக்க அப்பாவும் பிள்ளையும் ரோட்டுக்கு இறங்கினார்கள்.

கிருஷ்ணப்ரியாவின் தோளில் தன்வி தூங்கிப்போயிருந்தாள். நான் குடையை அவர்கள் மேல் பிடித்தேன். அவள் தட்டிவிடவில்லை. அழுது தொலைத்தாலாவது எனக்குத் தேவலையாக இருக்கும். அவள் என்னைப் பார்க்கவும் இல்லை.

"அன்னிக்கு எள்ளு உருண்டைய ரெண்டாவது தடவ கேட்டு வாங்கித் தின்னான்னு மெசேஜ் போட்டீங்க," என்றாள். "கீரை சாதத்துக்கு வாயத் தொறந்துட்டே ஓடி வர்றான்னு போட்டீங்க. ஞாபகம் இருக்குதுங்களா?"

இருக்கிறது என்றேன்.

"அப்படி நீங்க போட்டா மறுநாளும் நான் அதையே செய்வேன். புள்ளைக்குப் புடிச்சிருக்குதேன்னு. ஆபீஸ்ல பக்கத்து சீட்டுப் பொண்ணுகிட்டயெல்லாம் சொல்லியிருக்கறேன், எம் பாப்பாவுக்கு முருங்கக்கீரைன்னா உசுருன்னு." குழந்தையின் முதுகைத் தட்டிக்கொடுத்தாள். "ரெண்டு வயசாகப் போகுதுங்க மாமி. எம் பொண்ணுக்கு என்ன புடிக்கும்னு எனக்குத் தெரியாது."

சபரி ஒரு ஆட்டோவை நிறுத்திவிட்டுக் கையசைத்தான். அவள் நகரவில்லை.

"பகல் பூரா உங்ககூடதான இருந்தா. பொய் வேண்டாம், நெசமாச் சொல்லுங்க. ஒரு வாயாவது எதையாச்சும் ஆசையாத் தின்னிருப்பா இல்லீங்களா? எது, என்னன்னு சொல்லுங்க. திங்கக்கிழமையிலிருந்து நான் லீவு போட்டு வீட்டுல இருக்கப் போறேன். அதுலருந்து ஆரம்பிக்கறேன்."

பதினொரு மாதம், ஒரு நாளைக்குப் பத்து மணி நேரம். முதல் வாயைத் துப்பினால் இரண்டாவது வாய் கொடுத்துப் பார்த்த ஒரு நாளையாவது நினைவுக்குக் கொண்டுவரப் பார்த்தேன். ராகியா, கொள்ளா, பக்கத்துப் பிள்ளையின் டப்பாவில் எதற்காவது கை நீட்டினாளா, உப்பா, புளிப்பா, இனிப்பா. பால் என்று வாய்வரை வந்தது. விழுங்கிக்கொண்டேன்.

"எனக்கும் தெரியாதும்மா," என்றேன்.